என் பேருக்குப் பின்னால் ஒரு கடை

நீ என் பேரைத் தேடிப் பார்த்திருப்பாய். பார்க்காமல் இருந்திருக்க மாட்டாய். கையில் கம்ப்யூட்டர் கிடைத்தவன் முதலில் தன் பேரைத் தேடுவான், அடுத்து அம்மா பேரைத் தேடுவான். உன் பேருக்கு என்ன வந்ததோ எனக்குத் தெரியாது. என் பேருக்கு என்ன வந்திருக்கும் என்று தெரியும். ஆண்களுக்கான மாத்திரை வந்திருக்கும், சீட்டாட்டம் வந்திருக்கும், இன்னும் வாயால் சொல்லக் கூசுகிற நாலு கடை வந்திருக்கும். அத்தனைக்கும் மேலே என் பேர், என் அப்பா பேர், விருத்தாசலம் என்று ஊர் பேர். யாரிடம் கேட்பது என்று தெரியாமல் மூடி வைத்திருப்பாய். அதனால்தான் முந்திக்கொண்டு எழுதுகிறேன். இதை எழுதும்போது உனக்கு மூன்று வயது முடியவில்லை. உன் அப்பாவின் செருப்பை மாட்டிக்கொண்டு வாசலுக்கும் அடுப்படிக்கும் நடக்கிறாய். படிக்கும்போது நீ வளர்ந்த ஆள். நான் அந்த ஆளிடம்தான் பேசுகிறேன்.

இன்றைக்கு எழுத உட்கார்ந்ததற்குக் காரணம் இருக்கிறது. காலையில் உன்னை விருத்தாசலத்தில் இங்கிலீஷ் ஸ்கூலில் சேர்த்துவிட்டு வந்தோம். ஆபீசில் ஒரு பெண் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து ஒவ்வொன்றாகக் கேட்டுத் தட்டிக்கொண்டிருந்தாள். "மதர் நேம் சொல்லுங்க மேடம்" என்றாள். நான் வாயைத் திறப்பதற்குள் உன் அப்பா குனிந்து என் காதில், "வூட்டுல கூப்புடுற பேர சொல்லேன். அதுவும் உன் பேருதான?" என்றார். உன் அப்பா கெட்டவர் இல்லை. பெண்ணாடம் சர்க்கரை ஆலையில் கரும்பு வண்டி எடை போடுகிற இடத்தில் வேலை. என் கதை முழுதும் தெரிந்துதான் கட்டிக்கொண்டார். அவரே குனிந்துவிட்டார். நான் என் முழுப் பேரையும் ஒவ்வொரு எழுத்தாகச் சொன்னேன். திரும்பி வரும்போது பஸ்ஸில் அவர் ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தார். நீ எங்கள் ரெண்டு பேருக்கும் நடுவில் உட்கார்ந்து கண்டக்டர் விசிலுக்கு எல்லாம் பதில் விசில் ஊதப் பார்த்தாய். நீ இங்கிலீஷ் எழுத்துக் கூட்டிப் படிப்பதற்கு முன்னால் இதை எழுதி வைத்துவிட வேண்டும் என்று அந்த பஸ்ஸில்தான் முடிவு செய்தேன்.

நான் காலேஜை ரெண்டாவது வருஷத்தில் விட்டேன். யாரும் விரட்டவில்லை. வீட்டில் கஷ்டம் என்றும் சொல்ல மாட்டேன். உட்கார முடியவில்லை, அவ்வளவுதான். கரும்பலகையில் இருப்பதை நோட்டில் ஏற்றி, நோட்டில் இருப்பதைப் பரீட்சையில் இறக்கிவைக்கிற வேலைக்கு நான் எதற்கு என்று தோன்றியது. உன் தாத்தா, அதாவது என் அப்பா, செராமிக் தொழிற்பேட்டையில் ஒரு கம்பெனியில் சூளைக்குச் சரக்கு ஏற்றுகிறவர். கரண்டு பெட்டிக்குள் வைக்கிற பியூஸ் கட்டைதான் அங்கே பெரும்பாலும் ஓடும். முகத்தில் வெள்ளை மாவு ஒட்டியபடி சாப்பிட உட்கார்ந்தவர் என்னைப் பார்த்துக் கேட்டார்:

"காலேஜி போவலன்னா என்னா பண்ணப் போற?"

"எதுனா பண்றேன்."

"எதுனான்னா?"

"உங்க கம்பெனில பியூஸ் கட்ட தொடைக்கிறேன்."

"ஒன் கையி ஒரு நாளு தாங்காது. வாய்க்கு வேணும்னா வேல இருக்குது. சூப்பர்வைசரு வேல" என்றார். அம்மா சிரித்தாள். அந்த வீட்டில் அப்போது சிரிப்பு இருந்தது. அதையும் உனக்குச் சொல்ல வேண்டும்.

ஜங்ஷன் ரோட்டில் கழிப்பறைப் பீங்கான் விற்கிற கடை ஒன்று. அதற்கு மாடியில் சேகர் அண்ணன் என்கிறவர் கொஞ்சம் கம்ப்யூட்டர்களை வைத்து ஆபீஸ் போட்டிருந்தார். இங்கிலீஷ் எழுதத் தெரிந்த பெண்கள் வேண்டும் என்றார், போனேன். வேலை என்ன என்று கேட்டால் நீ சிரிப்பாய். வெளிநாட்டில் யாரோ செடி வளர்ப்பதைப் பற்றியும் நாய் வளர்ப்பதைப் பற்றியும் தங்கள் பிளாகில் எழுதுவார்கள். அதற்குக் கீழே படித்தவர்கள் கருத்துச் சொல்ல நாலு கட்டம் இருக்கும். பேர், மெயில், வெப்சைட், கருத்து. கருத்துக் கட்டத்தில் 'அருமையாக எழுதியிருக்கிறீர்கள், மிகவும் பயனுள்ள தகவல்' என்று எதையாவது போட வேண்டும். வெப்சைட் கட்டத்தில் எங்களுக்குக் காசு கொடுக்கிற கடையின் முகவரியைப் போட வேண்டும். அனுப்பியதும் பேர் மட்டும் நீல எழுத்தாக மாறி அங்கே நிற்கும். அந்தப் பேரைத் தொட்டால் கடை திறக்கும். தேடுகிற எந்திரம் இதைப் பார்த்து, இத்தனை இடத்தில் இருந்து இந்தக் கடைக்கு வழி போகிறதே, பெரிய கடையாகத்தான் இருக்கும் என்று நம்பி அதை முதல் பக்கத்துக்கு ஏற்றிவிடும். காலையில் இருந்து சாயங்காலம் வரை நாங்கள் படிக்காததைப் பாராட்டிக்கொண்டிருந்தோம்.

நான் மட்டும் சில சமயம் படித்துவிடுவேன். ஒருத்தர் தன் வயசான நாய் செத்துப்போனதை எழுதியிருந்தார். எங்கள் தெருவில் லாரியில் அடிபட்ட நாயைப் பற்றி எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் நாலு வரி உண்மையாக எழுதினேன். மறுநாள் அவர் எனக்குப் பதில் எழுதியிருந்தார். எங்கேயோ இருக்கிற மனிதர், என் பேரைச் சொல்லி நன்றி சொல்லியிருந்தார். சேகர் அண்ணன் பின்னால் வந்து நின்றார். "என்னாம்மா, லெட்டர் போக்குவரத்து எல்லாம் நடக்குது? படிக்கிறதுக்கா சம்பளம் குடுக்குறேன்?" என்றார்.

என் பேர் அங்கே வந்த கதை அதற்கும் முந்தியது. முதலில் பேர்க் கட்டத்தில் 'மலிவு விலை பாத்ரூம் டைல்ஸ்' என்றே போட்டோம். பிளாக்காரர்கள் பார்த்ததும் அழித்தார்கள். பிறகு வெள்ளைக்காரப் பேராகப் போட்டோம். குப்பையைத் தடுக்க அவர்கள் வைத்திருக்கிற பில்டர் அதையும் கண்டுபிடித்துவிட்டது. சேகர் அண்ணன் யோசித்துவிட்டுச் சொன்னார்: "அவங்கவங்க சொந்த பேர முழுசா போடுங்க. நம்ம ஊரு பேரு எந்த பில்டருக்கும் தெரியாது. நம்பிடுவான்." பக்கத்து சீட்டில் மங்கலம்பேட்டையில் இருந்து வருகிற பானு இருந்தாள். அவள் என்னிடம் மெதுவாக, "லூசாடி நாம? எங்க அத்தா பேர எவனோ நாய் வளக்குறவன் வூட்டு செவுத்துல எழுதிட்டு வரவா?" என்றாள். எட்டாவதில் அவளை முட்டி போட வைத்த டீச்சர் பேரைப் போட்டுக்கொண்டாள். அவள் புத்திசாலி. நான் என் பேரைப் போட்டேன், அப்பா பேரைச் சேர்த்தேன், யாரும் கேட்காமலே ஊர் பேரையும் சேர்த்தேன். முதல் தடவை அது வெளிநாட்டுப் பக்கத்தில் நீலமாக நின்றபோது நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தேன். காலேஜ் வருகைப் பதிவில் தவிர வேறெங்கும் இல்லாத பேர்.

கொஞ்ச மாதத்தில் அதுவும் எனக்குச் சலித்துவிட்டது. சேகரிடம் சண்டை போட்டுக்கொண்டு நின்றுவிட்டேன். நான் போனதும் அவர் ஒரு சாப்ட்வேர் வாங்கினார். நாங்கள் ஒரு நாளில் போடுவதை அது டீ குடித்து வருவதற்குள் போட்டுவிடும். அதற்கு ஒரு பேரும் ஒரு மெயிலும் கொடுக்க வேண்டும். பழைய பேர், எல்லாப் பிளாக்காரரும் நம்பின பேர், அதுவரை கெட்டுப்போகாத பேர், என் பேர் கையில் இருந்தது. அதை என் மெயிலோடு சேர்த்துக் கொடுத்துவிட்டார். டைல்ஸ் கடைக்காரன் கொடுத்ததைவிட மாத்திரைக்காரன் அதிகம் கொடுத்தானாம். இதெல்லாம் எனக்குத் தெரியவே தெரியாது. நான் வீட்டில் டைப்ரைட்டிங் புத்தகத்தை விரித்து வைத்துக்கொண்டு பகல் முழுக்கத் தூங்கிக்கொண்டிருந்தேன்.

அப்போது ஒரு வரன் வந்தது. மங்களூர் பக்கத்துக் குடும்பம். கர்நாடகத்து மங்களூர் இல்லை, நம்ம திட்டக்குடி பக்கத்து மங்களூர். பையன் பெங்களூரில் சாப்ட்வேர் கம்பெனியில் இருந்தான். பெண் பார்த்து, பிடித்துப்போய், பூ வைத்துவிட்டுப் போனார்கள். நம்ம ஊரில் பெண்ணைப் பற்றி விசாரிக்கிற முறை உனக்குத் தெரியும். தெருமுனை மளிகைக் கடையில் கேட்பார்கள், படித்த இடத்தில் கேட்பார்கள், எதிர்வீட்டில் தண்ணீர் வாங்கிக் குடித்துக்கொண்டே கேட்பார்கள். அங்கெல்லாம் நான் பாஸ். வாய் நீளம் என்று மட்டும் சொன்னார்களாம். பையன் பெங்களூரில் உட்கார்ந்து புது முறையில் விசாரித்திருக்கிறான். என் முழுப் பேரைத் தேடலில் தட்டியிருக்கிறான்.

தரகர் வந்தார். செருப்பைக் கழற்றாமல் வாசலிலேயே நின்றார்.

"அண்ணே, பொண்ணு பேரு கம்ப்யூட்டர்ல வருதுங்களாம்."

"வந்தா பெருமதான?" என்றார் உன் தாத்தா. உண்மையாகவே சந்தோஷப்பட்டார்.

"வந்த எடம் சரியில்லீங்க" என்றார் தரகர்.

அதற்கு மேல் அவருக்கும் சொல்லத் தெரியவில்லை. அப்பா சட்டையை மாட்டிக்கொண்டு, "எங்க வருதுன்னு எனக்குக் காட்டு" என்று என்னைப் பிரவுசிங் சென்டருக்குக் கூட்டிப்போனார். தட்டினேன். வந்தது. பக்கம் பக்கமாக வந்தது. அவருக்கு இங்கிலீஷ் தெரியாது. "படி" என்றார். "விளம்பரம்ப்பா" என்றேன். "என்னா விளம்பரம்?" "மருந்துக் கட." "என்னா மருந்து?" நான் மவுசை உருட்டி அடுத்த பக்கத்துக்குப் போனேன். பக்கத்துத் தடுப்பில் இருந்த பையன்கள் பேச்சை நிறுத்திவிட்டார்கள். அப்பாவுக்குப் புரிந்துவிட்டது. என் பேர் எது என்று கேட்டார், காட்டினேன். அந்த நீல எழுத்தின்மேல் கட்டை விரலை வைத்து ஒரு தடவை தேய்த்தார். சூளைக்குப் போவதற்கு முன்னால் பியூஸ் கட்டையில் அதிகமாக வழிந்த பூச்சை அப்படித்தான் தேய்த்து எடுப்பார்கள். சுட்ட பிறகு ஒன்றும் செய்ய முடியாது. திரையைப் பார்த்தபடியே கேட்டார்:

"இது சூளைக்குப் போயிடுச்சா, இன்னும் போவலியா?"

"போயிடுச்சுப்பா."

எழுந்து வெளியே போய்விட்டார். காசு கொடுக்கக்கூட நிற்கவில்லை. நான் கொடுத்துவிட்டு வந்தேன்.

அங்கிருந்து நேராக சேகர் ஆபீசுக்குப் போனேன். அழி என்றேன். "நான் எழுதலம்மா, சாப்ட்வேர் எழுதிச்சு" என்றார். சாப்ட்வேரை நான் வெற்றிலை பாக்கு வைத்துக் கூப்பிட்டேனா என்றேன். "அழிக்க முடியாதும்மா. அது அவங்கவங்க வூட்டு செவுரு, சாவி அவங்ககிட்ட இருக்குது. வேணும்னா கீழ தள்ளி வுடலாம். உன் பேருலயே நல்ல பக்கமா நெறைய போட்டா கெட்டது பின்னால போயிடும். உனக்குன்னா கொறைச்சி பண்ணித் தரேன்" என்றார். என் பேரைக் கெடுத்தவரே அதைத் துவைத்துத் தர எனக்கே விலை சொன்னார். மேசைக்கு அடியில் எல்லாக் கம்ப்யூட்டருக்கும் கரண்டு போகிற பெட்டி இருந்தது. ஒரு உதை விட்டேன். அத்தனையும் அணைந்தது. கால் ஒரு வாரம் வீங்கிக் கிடந்தது. இன்றைக்கும் நினைத்தால் எனக்கு நிம்மதியாக இருக்கிறது.

பையன் போன் செய்தான். நல்ல மாதிரியாகத்தான் பேசினான். அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

"நான் நம்புறேங்க. நீங்க அப்படி இல்லன்னு எனக்குத் தெரியும். ஆனா எங்க ஆபீஸ்ல யாருக்கு கல்யாணம்னாலும் பொண்ணு பேர தேடிப் பாப்பாங்க."

"பாத்தா நடந்தத சொல்லுங்க."

"எத்தன பேருக்குங்க சொல்றது? ஒரு ஐடியா இருக்கு. பத்திரிகையிலயே வேற பேரு போட்டுடலாம். அப்புறம் முறைப்படி மாத்திக்கலாம். நல்ல மாடர்ன் பேரா பாத்து..."

"உங்க பேருக்கு இப்படி ஆயிருந்தா மாத்திப்பீங்களா?"

"ஆம்பள பேரு வேறங்க" என்றான்.

போனை வைத்துவிட்டேன். அந்தக் கல்யாணம் நின்றது கம்ப்யூட்டரால் இல்லை, என்னால். இதை நீ மற்றவர்கள் வாயில் கேட்பதற்கு முன்னால் என் வாயில் கேள். அம்மா தலையில் அடித்துக்கொண்டாள். "பேரத்தானடி கேக்குறாங்க. கைய காலயா கேக்குறாங்க?" அப்பாவிடம் ஓடினாள், நீங்களாவது சொல்லுங்கள் என்று. "நான் வெச்ச பேரு அது. அத மாத்திக்கன்னு என் வாயால எப்படி சொல்லுவன்?" என்றார் அவர். எனக்காகப் பேசுகிறார் என்று நினைத்தேன். அதற்குப் பிறகு என் கல்யாணம் வரைக்கும் அவர் என்னைப் பேர் சொல்லிக் கூப்பிடவே இல்லை. "ஏ", "இந்தாம்மா", "அது எங்க" என்றுதான். மாற்றச் சொல்லவும் இல்லை, சொல்லிக் கூப்பிடவும் இல்லை. தான் வைத்த பேரை அவரே எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

பிறகு நான் ஒவ்வொரு பிளாக்காரருக்கும் மெயில் எழுதினேன். என் பேரில் வேறு யாரோ எழுதியது, தயவுசெய்து எடுத்துவிடுங்கள் என்று. பிரவுசிங் சென்டரில் என்னைப் பார்த்தால் பையன்கள் முழங்கையால் இடித்துக்கொள்வார்கள். பார்க்கட்டும் என்று உட்கார்ந்து எழுதினேன். பதிலே வரவில்லை. பாதிப் பேர் பிளாகைத் திறந்து போட்டுவிட்டுப் போய்விட்டிருந்தார்கள், அங்கே ஆளே இல்லை. மீதிப் பேர் ஏன் பேசவில்லை என்று பானுதான் கண்டுபிடித்துச் சொன்னாள். "உன் மெயில எல்லா பில்டரும் குப்பைன்னு எழுதி வெச்சிருக்குதுடி. நீ அழுது எழுதுனாலும் அது குப்பைக்குதான் போவும்." பொய் சொன்னபோது என் பேர் எல்லார் வீட்டுக்குள்ளும் போனது. உண்மை சொல்லப் போனபோது வாசலிலேயே நின்றுவிட்டது.

பானுவின் மெயிலில் இருந்து அனுப்பிப் பார்த்தேன். ஒருத்தர் பதில் எழுதினார், அந்த நாய்க்காரர். மன்னிப்புக் கேட்டு, என் பேரில் இருந்த எல்லாவற்றையும் எடுத்துவிட்டதாகச் சொன்னார். போய்ப் பார்த்தேன். எல்லாவற்றையும்தான் எடுத்திருந்தார். எங்கள் தெரு நாயைப் பற்றி நான் நிஜமாக எழுதிய நாலு வரியும் போயிருந்தது. இத்தனையிலும் நான் மனசார எழுதியது அது ஒன்றுதான். அவரைக் குறை சொல்லவில்லை. அவருக்கு எப்படித் தெரியும்?

உன் அப்பாவைக் கட்டிக்கொண்டதற்குக் காரணம் கேட்பாய். அவர் வீட்டில் யாருக்கும் கம்ப்யூட்டர் தெரியாது. கல்யாணத்துக்கு முன்னால் நானே எல்லாவற்றையும் சொன்னேன். யோசித்துவிட்டு, "எல்லாம் இங்கிலீஷ்லதான இருக்குது? நம்ம ஊருல எவன் படிக்கப் போறான்?" என்றார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அன்றைக்குச் சரி என்றேன். படிக்கப் போகிறவனை நாங்களே பெற்று, நாங்களே இன்றைக்குக் காலையில் சேர்த்துவிட்டு வந்தோம். அந்தக் கணக்கு அவருக்கு ஸ்கூல் ஆபீசில்தான் விளங்கியிருக்கிறது. பாவம், என் காதில் குனிந்துவிட்டார்.

இப்போது உனக்குச் சொல்கிறேன். உன் பேரைக் கொடு, சும்மா ஒரு பேருக்குத்தான் என்று யாராவது கேட்டால், சாவி யார் கையில் இருக்கும் என்று கேள். கொடுத்த பிறகு கேட்டுப் பிரயோஜனம் இல்லை. படிக்காததை நன்றாக இருக்கிறது என்று எழுதாதே, சோற்றுக்கு இல்லாவிட்டாலும் எழுதாதே. உனக்குப் பெண் பார்க்கிற காலம் வரும். அவள் பேரைத் தட்டித் தேடுவாய், தேடாதே என்றால் நீ கேட்கவா போகிறாய்? தேடு. என்ன வந்தாலும் போய் அவளிடம் கேள். அவள் சொன்னதை நம்பினால் அந்தப் பேரோடு கட்டிக்கொள். நம்புகிறேன், பேரை மட்டும் மாற்றிக்கொள் என்று சொல்கிறவனாக என் பிள்ளை இருந்தால், அந்தக் கல்யாணத்துக்கு நான் வர மாட்டேன். கோபத்தில் சொல்லவில்லை. நிஜமாகவே வர மாட்டேன்.

இந்தக் கடிதத்தை நானே ஒரு பிளாக் ஆரம்பித்து அதில் போடப் போகிறேன். பிளாகுக்குத் தலைப்பு என் முழுப் பேர். உள்ளே அதைத் திரும்ப எழுதவில்லை, மேலே ஒரு தடவை இருந்தால் போதும். சேகர் சொன்ன மாதிரி நூறு நல்ல பக்கம் செய்து கெட்டதைக் கீழே தள்ள எனக்கும் தெரியும். அவருக்கே சொல்லிக் கொடுக்கிற அளவுக்குத் தெரியும். செய்ய மாட்டேன். தமிழில் எழுதுகிறவர்களின் பிளாகை முழுதாகப் படித்து, தோன்றினால் கருத்துச் சொல்கிறேன், என் பேரில். பாதி இன்னும் குப்பைக்குத்தான் போகிறது. அதனால் இந்தக் கடிதம் தேடலில் நாலாவது பக்கத்திலோ நாற்பதாவது பக்கத்திலோ கிடக்கும். மாத்திரைக் கடை எப்போதும் முதல் பக்கத்தில் நிற்கும். நீ அதைத் தாண்டித் தாண்டித்தான் இங்கே வர வேண்டும். வந்திருக்கிறாய் என்றால் முதல் பக்கத்தை நம்பி நிற்கவில்லை என்று அர்த்தம். அதற்கே உனக்கு ஒரு முத்தம்.

இதற்குக் கீழேயும் நாலு கட்டம் இருக்கும். மாத்திரைக்காரன் இங்கேயும் வருவான், வந்து அருமையான கடிதம் என்று எழுதுவான், நான் அழித்துக்கொண்டிருப்பேன். நீ வந்தால் வெப்சைட் கட்டத்தைக் காலியாக விடு. கருத்துக் கட்டத்தில் நம்புகிறேன் என்றோ நம்பவில்லை என்றோ எழுது, ரெண்டையும் நான் அழிக்க மாட்டேன். பேர்க் கட்டத்தில் மட்டும் நான் சொல்கிறபடி செய். உன் பேரை எழுது, அதற்கு முன்னால் என் பேரை எழுது. வீட்டில் கூப்பிடுகிற பேர் வேண்டாம். ஸ்கூல் ஆபீசில் இன்றைக்கு நான் சொன்ன மாதிரி, முழுதாக, ஒவ்வொரு எழுத்தாக.